ரின் சரிகிற இடத்துக்கு முன்னால் பார், பிள்ளை

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை நேரத்துக்கு வந்ததால் அண்ணா காலபோக விதைப்பை முடித்துவிட்டான். உன் சுகத்தைப் பற்றி நீ சொல்வது குறைவு, வேலையைப் பற்றித்தான் கூடச் சொல்கிறாய். போனில் கதைக்கத் தொடங்கினால் பாதியில் உனக்கு ஷிப்ற் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பியரை ரின்னில் அடைக்கிற உன் வேலைத்தலத்தில் எடுத்து நீ அனுப்பிய வீடியோவை அண்ணா நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினான். வளைவில் ஒரு ரின் சரிகிறது, பின்னால் வருவதெல்லாம் அதில் முட்டி நெரிகிறது, நீ ஓடி ஓடிப் பொறுக்குகிறாய். கூட்டுறவுச் சங்கத்தின் கள்ளைப் போத்தலில் அடைக்கிற நிலையத்தில் உன் அம்மா எத்தனை காலம் நின்றவள் என்று உனக்குத் தெரியும். எங்களுடையது கனத்த கண்ணாடிப் போத்தல், உங்களுடையது காற்றுக்கே ஆடுகிற ரின். ஆனாலும் பெல்ற்றில் ஓடுகிற எதுவும் விழுவதற்கு முன் எங்கேயோ ஆடத் தொடங்கியிருக்கும். உன் வீடியோவில் அது வளைவுக்கு ஒரு முழம் முன்னால், இரண்டு பெல்ற் சந்திக்கிற தகட்டில் நடக்கிறது. அந்தத் தகட்டில் ஏறும்போது ஒவ்வொரு ரின்னும் தலையை ஆட்டுகிறது. அனேகமானவை நிமிர்ந்துவிடுகின்றன. நிமிராதது வளைவில் போய்ச் சரிகிறது. நீ வளைவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

தகடும் பெல்ற்றும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நேரான கம்பி ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல். ஒரு நாணயத் தடிப்பு வித்தியாசம் போதும். நிரம்பிய ரின் தன் பாரத்தில் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் 355 மில்லிலீற்றர் வெறும் ரின் மூடியோடு சேர்த்தே ஏறக்குறைய 13 கிராம்தானே. பக்கச் சுவர் 0.1 மில்லிமீற்றர் அளவு என்று அண்ணா வாசித்துச் சொன்னான், எனக்கு நம்பவே முடியவில்லை. இன்னொன்று, வீடியோவில் உனக்குப் பின்னால் ஒரு நிலத்து ஃபான் சுழல்கிறது. அதன் காற்று நேரே வெறும் ரின் வருகிற பக்கம் அடிக்கிறது. முதலில் அதைத் திருப்பி வை.

போன மாதம் ஒல்லி ரின்னுக்கு மாறியதாகச் சொன்னாயே, இரு கரையிலும் உள்ள தடுப்புக் கம்பிகளை யாராவது நெருக்கி வைத்தார்களா? வழமையான ரின் ஏறக்குறைய 66 மில்லிமீற்றர் அகலம், ஒல்லி ரின் 57 அளவு. பழைய அகலத்திலேயே கம்பி இருந்தால் ரின்கள் ஒற்றை வரிசையாக வராமல் ஒன்றுக்கு ஒன்று சாய்ந்து நெளிந்து வரும். வளைவில் இரண்டு ரின் பக்கத்தில் பக்கம் சிக்கி ஆப்பு அடித்தது போல நின்றுவிடும். அதற்காக இறுக்கி வைக்கவும் கூடாது. இறுக்கினால் உராய்ந்து பெயின்ற் கீறும், மெல்லிய சுவர் நெளியும். ரின் தடையில்லாமல் போக, இரண்டொரு மில்லிமீற்றர் இடைவெளி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி. வளைவில் மட்டும் ஃபிற்றரைக் கேட்டுப் பார்த்துச் செய். சரியான அளவு கிடைத்ததும் கம்பி நிற்கிற இடத்தில் நிற மாக்கரால் கோடு போட்டுவிடு, ஒவ்வொரு ரின் அளவுக்கும் ஒவ்வொரு நிறம். நாங்கள் பெரிய போத்தலுக்கும் சின்னப் போத்தலுக்கும் அப்படித்தான் வைத்திருந்தோம்.

கம்பியில் பியர் காய்ந்து ஒட்டியிருந்தாலும் ரின் பிடித்து இழுபடும். கள்ளும் அப்படித்தான், இரவு கழுவாமல் விட்டால் காலையில் பிசின். ஒவ்வொரு ஷிப்ற் முடிவிலும் வெந்நீரால் துடை.

இப்போது வேகம். உன் மேலாளர் எல்லா பெல்ற்றையும் ஒரே அடியாகக் கூட்டச் சொல்கிறார் என்றாய். இரணைமடுக் குளத்துத் துருசுக் கதவை அளவுக்கு மேல் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் கெதியாய் வராது, வாய்க்கால் கட்டுத்தான் உடையும். நிரப்பி மூடி மடிக்கிற மெசின் எவ்வளவு வேகத்தில் நல்லாக வேலை செய்யுமோ அதுதான் முழு லைனின் வேகம். அதற்கு முன்னால் உள்ள பெல்ற் கொஞ்சம் கூட ஓடி மெசினுக்கு ரின் குறையாமல் கொடுக்க வேண்டும். பின்னால் உள்ளதும் கொஞ்சம் கூட ஓடி நிரம்பியதை அகற்ற வேண்டும். வரிசை நிரம்பினால், மெசினுக்கு முன்னால் உள்ள பெல்ற்றை சென்சர் மெதுவாக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருந்து தள்ளுகிற தள்ளலில் முன்னால் நிற்கிற வெறும் ரின் நசியும். வாயில் சின்ன நெளிவு வந்தாலே மூடி சரியாக மடியாது, அப்படி மடியாததில் காற்றுப் போகும்.

அந்த மெசின் நின்று நின்று ஓடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய நட்டமாகப் பார்க்கிறேன். கள்ளுக்கு எதிரி நேரம். காலையில் இறக்கியது பொழுதுபடப் புளித்துவிடும், அதனால்தான் போத்தலில் அடைத்துச் சூடாக்கி அந்தப் புளிப்பை நிறுத்தினோம். பியருக்கு எதிரி ஒட்சிசன். குளிராக நிரப்பி, நுரை மேலே நிற்கும்போதே அதன் மேல் மூடியை வைப்பது காற்று உள்ளே தங்காமல் இருக்கத்தான். லைன் நின்றால் மூடாத ரின்னில் நுரை அடங்கிவிடும், காற்று இறங்கிவிடும். பேந்து மூடினாலும் சில கிழமையில் அந்த பியர் நனைந்த மட்டை மாதிரி ருசிக்கும். ஆகவே நின்றுபோன நேரத்தில் திறந்திருந்தவற்றை விற்பனைக்கு விடாதே, எடுத்துப் புறம்பாக வை. யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

இங்கே ஒரு பனை பாளை விட எத்தனை வருசம் எடுக்கும் என்று உனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் பங்கருக்குத் தறித்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மிஞ்சிய மரத்தில் சீவல் தொழிலாளி காலையும் மாலையும் ஏறி இறங்கிக் கொண்டுவருவதை ஒரு போத்தல் உடைந்து நிலத்தில் ஊற்றினால் எங்களுக்கு மனம் பொறுக்காது. உன் பியருக்குப் பின்னாலும் அப்படி ஆட்கள் இருப்பார்கள்தானே.

கடைசியாக, இதை மட்டும் இரண்டு முறை வாசி. ஓடுகிற பெல்ற்றுக்குள் கை விட்டுச் சரிந்த ரின்னை எடுக்கிறாய். வீடியோவில் கண்டேன், நெஞ்சு பதறியது. சிவப்புப் பொத்தானை அமர்த்து. பெல்ற் நின்ற பிறகு எடு. சங்கிலிப் பக்கம் மூடியைக் கழற்ற வேண்டி வந்தால், மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, சாவியை உன் பையில் வைத்துக்கொண்டு கை வை. கிழிந்த அலுமினிய விளிம்பு கத்தியாக வெட்டும். தலைமுடியைக் கட்டு, வளையல் போடாதே, சட்டைக் கையைத் தொங்கவிடாதே. மேலாளர் அவசரப்படுத்தினால் நிறுத்தித்தான் எடுப்பேன் என்று நேரே சொல். வேலை போனாலும் வீட்டுக்கு வா, உனக்கு இங்கே சோறு இருக்கிறது.

தகட்டைக் கிட்டவாக, பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. ஒல்லி ரின் ஓடும்போதும் வழமையான ரின் ஓடும்போதும் வெவ்வேறாக எடு. அண்ணா பெரிதாக்கிக் காட்டுவான், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா