வசந்திக்கு, சால்ட் லேக்கிலிருந்து

சால்ட் லேக் சிட்டி, யூட்டா, அமெரிக்கா
அக்டோபர் 12

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. "சரியாப் போச்சு, வேண்டாம்" என்பார்கள், விடாதே. இங்கே எல்லாரும் சுகம். குளிர் தொடங்கியதும் இவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"உங்கள் ஊரில் ஒருத்தனுக்கு நாலைந்து பெண்டாட்டியாமே, பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. இங்கே தலைமையிடம் உள்ள மார்மன் என்ற கிறிஸ்தவ சபை 1890-லேயே அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இன்று யாராவது அப்படிச் செய்தால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். பிரிந்துபோன சில சிறு கூட்டங்கள்தான் இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. ஆனால் உன் கேள்விக்கு இவ்வளவோடு பதிலை முடிக்க மனசு வரவில்லை. அந்தக் காலத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிப் படித்ததும், போன மாதம் நான் கூடவே இருந்து பார்த்ததும் சேர்ந்து மனதில் கிடக்கின்றன.

அந்தப் பெண் ஆன் இலைசா. 1844-ல் மார்மன் குடும்பத்தில் பிறந்தவள். முதல் கல்யாணம் சரிப்படாமல் 1865-ல் விவாகரத்தாகி, இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். 1868-ல் சபைத் தலைவர் பிரிகம் யங் அவளைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு 23 வயது, அவருக்கு 66. பின்னால் அவள் தன்னை 19-ஆம் மனைவி என்று எழுதினாள். வரலாற்றாசிரியர்கள் எண்ணிப் பார்த்தால் அவருடைய மனைவிமார் கணக்கு ஐம்பதைத் தாண்டுகிறது. பிறந்ததிலிருந்து கடவுளின் வாக்காக நம்பிய ஆள் பெண் கேட்டு வந்தால் எந்த வீட்டில் மறுப்பார்கள், சொல்? கொஞ்ச நாளில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் கொண்டுபோய் வைத்தார்கள். வெண்ணெய் கடைவது, வேலையாட்களுக்குச் சமைத்துப் போடுவது என்று சில வருஷம் ஓடியது. இதைப் படிக்கும்போது உன் பெரியம்மா நினைவுதான் வந்தது. இளையாள் வந்த பிறகும் அதே வீட்டு அடுப்படியில் பேசாமல் இருந்தாரே.

இவள் பேசாமல் இருக்கவில்லை. 1873 ஜூலையில் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, வாக்கர் ஹவுஸ் என்ற ஓட்டலில் போய்த் தங்கி, விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டாள். கோர்ட்டில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "1834-லேயே மேரி ஆன் ஏஞ்சலை மணந்துவிட்டேன், சட்டப்படி என் மனைவி அவர்தான்" என்றார். ஊரறிய, கடவுளறிய என்றென்றைக்கும் மனைவி என்று சொல்லிக் கூட்டி வந்தவளுக்குக் கோர்ட்டு வாசலில் ஒரு உறவும் இல்லாமல் போய்விட்டது! 1875-ல் நீதிபதி மக்கீன் மாதம் 500 டாலர் ஜீவனாம்சமும் வக்கீல் செலவுக்கு 3,000 டாலரும் தரச் சொன்னார். சொன்னபடி தராததால் அவ்வளவு பெரிய தலைவரை ஒரு ராத்திரி சிறையில் வைத்தார்கள். ஆனால் 1877-ல் அந்தக் கல்யாணமே செல்லாது என்று வழக்கு முடிந்துபோனது. 1870-லேயே யூட்டா பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்திருந்தது, வசந்தி. நம் பாட்டிமார் நினைத்துக்கூடப் பார்க்காத உரிமை. அது கையில் இருந்தும் வீட்டுக்குள் அவளுக்கு ஒரு சொல் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஊர் ஊராக மேடையேறிப் பேசினாள். 1874-ல் வாஷிங்டனில் பேசியபோது ஜனாதிபதி கிராண்ட்டே வந்து கேட்டிருக்கிறார்.

அவளுக்கு எதிரில் நின்றது ஒரு ஆள். என் பக்கத்து வீட்டு மார்மன் பெண்ணுக்கு எதிரில் அப்படி யாருமே இல்லை. அதுதான் கஷ்டம். நல்ல புருஷன், நாலு பிள்ளைகள். இவர்கள் கோயிலில் செய்யும் கல்யாணத்தை சீலிங் என்பார்கள். சாகும்வரைக்கும் என்றில்லை, செத்த பிறகும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே குடும்பம். நாம் ஏழேழு பிறவிக்கும் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை இவர்கள் அப்படியே நம்புகிறார்கள். பரலோகத்தில் நம் குடும்பத்தில் ஒரு நாற்காலியும் காலியாக இருக்கக்கூடாது என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு. மூன்று வருஷம் ராத்திரி ராத்திரியாகச் சபையின் வரலாற்றைப் படித்துவிட்டு, இனி நம்ப முடியவில்லை என்று இவள் புருஷனிடம் சொன்னாளாம். அவர் கத்தவில்லை. "அப்போ அங்கே நான் யாரோட இருப்பேன்?" என்று மட்டும் கேட்டாராம். அவர் அடித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று என்னிடம் சொல்லி அழுதாள். இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சபைக்குப் போவார். இவள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவாள்.

மார்மன்களுக்குக் காபி, டீ, மது மூன்றும் கூடாது. அவள் முதன்முதலில் காபி குடித்தது என் வீட்டில்தான். ஃபில்டரில் இறங்கிய டிகாஷனில் நுரைக்க ஆற்றிக் கொடுத்தேன். டவராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் வாசனை பார்த்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கசக்கிறது என்றாள். ஆனாலும் சொட்டு விடாமல் குடித்தாள்.

போன மாதம் அவள் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். சபையின் அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் கோயிலுக்குள் நுழைய முடியாது, பெற்ற தாயானாலும் சரி. முன்பெல்லாம் வெளியே சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டால் கோயில் சீலிங்குக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2019-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதனால் இந்தப் பெண் அம்மா பார்க்கவேண்டும் என்று காலையில் வீட்டுத் தோட்டத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டு, மத்தியானம் கோயிலுக்குப் போனாள். அப்பா உள்ளே போனார். அம்மா வெளியே பெஞ்சில். அவள் தனியாக உட்காரக்கூடாது என்று நானும் கூடப் போனேன். பெண்ணின் கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தாள். ஃப்ளாஸ்கில் காபி கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திருகியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வாசல்ல வேண்டாம். அவளுக்கு இது கோயில்" என்றாள். அப்படியே மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இரண்டு பேரும் ஆறிப்போன காபியைச் சூடு பண்ணிக் குடித்தோம்.

உன் தம்பி டிசம்பரில் இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருக்கிறாய் அல்லவா? வழக்கமான கடையில் காபித்தூள் அரைத்துக் கொடுத்துவிடு. இந்தத் தடவை எனக்கு மட்டும் போதாது, ஒரு கிலோ கூடப் போடு. மாமியாருக்கு என் நமஸ்காரம்.

உன்,
மீனா