அந்தக் களிம்பு டப்பாவைப் பெட்டியில் வைக்காதே

பெரம்பூர்,
சென்னை.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. என் முட்டிவலிக்காக நியூ ஜெர்சியிலிருந்து கஞ்சா ஜெல்லி மிட்டாயும் தேய்க்கிற களிம்பும் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் வேண்டாம் ராசா. என் வீட்டுக்காரி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "உங்க ஃப்ரெண்டு ஊருக்கு வர்றாரா, இல்ல புழல் ஜெயிலுக்குப் போறாரா?" என்று கேட்டாள்.

நீ அங்கே கடையில் பில் போட்டு, வரி கட்டி வாங்குகிறாய். 2022 ஏப்ரலிலிருந்து உங்கள் மாநிலத்தில் அது சாதாரண வியாபாரம். இங்கே மீனம்பாக்கத்தில் இறங்கினால் அதே டப்பா கடத்தல் சரக்கு. பாங்காக்கிலிருந்து வருகிற பையன்கள் ஹைட்ரோபோனிக், அதாவது மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்த்த, கஞ்சாவோடு பிடிபடுகிற செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. தாய்லாந்தில் 2022இல் கட்டை அவிழ்த்துவிட்டு, 2025இல் டாக்டர் சீட்டு வேண்டும் என்று மறுபடி கட்டினார்கள். அங்கே கடையில் விற்றதுதானே சார் என்கிற பேச்சு கஸ்டம்ஸ்காரரிடம் எடுபடாது.

நான் வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன், உனக்குத் தெரியும். இப்போது இருக்கும் சீனியருக்குப் பாதி வழக்கு கஞ்சா வழக்குதான். ஐகோர்ட் வளாகத்தில் இருக்கிற சிறப்பு நீதிமன்றத்துக்குக் கட்டு சுமந்தே முட்டி தேய்ந்தது என்று நினைக்கிறேன். அங்கே போன மாதம் நடந்ததைக் கேள்.

பையனுக்கு இருபத்திரண்டு வயது. மகஜரில், அதாவது பிடித்த இடத்தில் போலீஸ் எழுதுகிற பறிமுதல் குறிப்பில், எடை 1 கிலோ 100 கிராம். 1985ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', அதிகபட்சம் ஒரு வருஷம். அதைத் தாண்டினால் பத்து வருஷம் வரை போகலாம். இருபது கிலோ தாண்டினால் குறைந்தது பத்து வருஷம், ஜாமீனை மறந்துவிட வேண்டியதுதான். ஆக அந்த நூறு கிராமில்தான் பையனின் தலையெழுத்து. கோர்ட்டில் கோணிப்பையைப் பிரித்தார்கள். மழையில் நனைந்த வைக்கோல் வாடை. உள்ளே காம்பு, சருகான இலை, விதை, நடுவே பிசுபிசுவென்று பூ. சீனியர் எழுந்து, "காம்பையும் இலையையும் பிரித்து எடை போட்டீர்களா?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே போட்டோம்" என்றார்.

அது ஏன் முக்கியம் என்றால், சட்டத்தில் கஞ்சா என்பது பூத்த, காய்த்த நுனிதான். இலையும் விதையும் தனியாக இருந்தால் கஞ்சா இல்லை. நுனியோடு சேர்ந்திருந்தால்தான் கணக்கில் வரும். செடியிலேயே சேர்ந்திருந்ததா, கோணியில் போட்டபோது சேர்ந்ததா என்று ஒரு மணி நேரம் வாதம். கூண்டில் நின்ற பையன் கொட்டாவி விட்டான். அப்புறம் வாய்தா.

அந்த ஓட்டை வழியாகத்தான் வடக்கே பாலில் கலந்து குடிக்கிற பாங்கு பிழைத்திருக்கிறது. வெறும் இலையை அரைப்பதுதானே. ஜெய்சல்மேரில் அரசு லைசென்ஸ் வாங்கிய பாங்குக் கடைக்குப் பலகையே உண்டு. அதே செடியின் பூவை அதே தெருவில் வைத்திருந்தால் கைது. உத்தராகண்டில் 2018இல் நாருக்காகப் பயிரிட லைசென்ஸ் கொடுத்தார்கள். ஐ.நா.வில் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு வந்தபோது 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு. நம் நாடு ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஊருக்குள் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நான் கஞ்சாவுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்காதே. பொட்டலத்தில் ஆரம்பித்து ஊசிக்குப் போய், அம்மா தாலியை விற்ற பையன்களையும் இதே கோர்ட் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். ஆனால் டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடக்கிறவனுக்கு அரசே பாட்டில் விற்கும், இவனுக்கு மட்டும் பத்து வருஷம் என்றால் எனக்கு ஜீரணமாகவில்லை. முப்பது வருஷத்தில் சரக்கு அனுப்பிய முதலாளியை நான் கூண்டில் பார்த்தது இரண்டு தரம். மற்றதெல்லாம் பை தூக்குகிறவன்.

உன் களிம்புக்கு வருகிறேன். போதை தருகிற டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள்தான், அதனால் பரவாயில்லை என்கிறாய். அந்தக் கணக்கு 2018இல் உங்கள் நாட்டுச் சட்டத்தில் வந்தது. இங்கே சதவீதம் கேட்க மாட்டார்கள், செடியின் எந்தப் பாகம் என்று கேட்பார்கள். உன் டப்பாவில் அது அச்சடித்திருக்கிறதா?

இன்னொன்றை இதற்கும் மேலாகச் சொல்ல வேண்டும். நீ சிட்டிசன்ஷிப்புக்கு மனு போட்டிருக்கிறாய். உங்கள் மாநிலம் சரி என்றாலும் மத்தியச் சட்டம் 1970இல் அதை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. குடியேற்றத்துக்கு அந்தச் சட்டம்தான் பேசும். கிரீன் கார்டுக்காரன், ஆமாம் சாப்பிட்டேன் என்று வாயால் ஒத்துக்கொண்டாலே சிக்கல் வரலாம். உன் மருமகள் அங்கேயே பிறந்தவள், அவளுக்கு அது மிட்டாய். உனக்கு அப்படி இல்லை. நேர்காணலுக்கு முன்னால் அங்கே ஒரு குடியேற்ற வக்கீலைப் பார். ஃபீஸுக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே.

முட்டிக்கு ராத்திரியில் வீட்டுக்காரி எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஆகாது. டிசம்பரில் எந்தத் தேதி, எந்த விமானம் என்று எழுது. ஏர்போர்ட்டுக்கு மெட்ரோவிலேயே வந்துவிடுவேன், லிஃப்ட் இருக்கிறது. எனக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் பாதாம் பருப்பு ஒரு பாக்கெட் போதும்.

உன்,
பழனி

அந்தப் பையனுக்கு வாய்தா வருகிற பதினெட்டாம் தேதி. அவன் அம்மா நேற்றும் வீட்டுக்கு வந்து, "அந்த நூறு கிராம் என்னாச்சு சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.