தீர்மான நோட்டு

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை, பாப்பா. "நிர்வாகம் ஒழுங்காக நடந்தால் போதும்மா, தேர்தல் எதற்கு?" என்றாய். நீ டெல்லியில் ஆளுகை பற்றிப் படிக்கிறாய். நான் ஐந்து வருடம் வார்டு மெம்பராக இருந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில். அதுவரை உறுப்பினர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். தேர்தல் நடக்கவில்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. நம் ஊரைப் பார்த்தவர் நல்ல மனிதர், கை சுத்தம். ஆனால் அவர் தலையில் எத்தனையோ ஊராட்சிகள். கீழத்தெருத் தொட்டி மோட்டார் கருகியபோது பெண்கள் பதினொரு நாள் வயல் கிணற்றுக்கு நடந்தார்கள். யார் வாசலில் போய் நிற்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் மெம்பரான பிறகும் அதே மோட்டார் கருகியது. விடிவதற்கு முன்பே நம் வாசலில் காலிக் குடங்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வந்துவிட்டது. நான் அந்த அலுவலரைவிடக் கெட்டிக்காரி இல்லை. ஓட்டுப் போட்டவர்கள் வந்து நின்றால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

ஓட்டு மட்டும் போதுமா என்றால், போதாது. ஓர் அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவை வேகமாக வாசித்துவிட்டு, தீர்மான நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டி ஒருவர், "குழாய் ரிப்பேர் கணக்கைத் திரும்பப் படி" என்றார். படித்தபோதுதான் ஒரே செலவு இரண்டு இடத்தில் இருந்தது தெரிந்தது. மெம்பர் நானே கவனிக்கவில்லை. அங்கேயே அடித்துத் திருத்தினார்கள்.

உத்திரமேரூருக்கு உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைக் காட்டி எல்லோரும் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த குடவோலையைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்த்த குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்ற விதி. ஆயிரம் வருடத்துக்கு முன்பே எவ்வளவு நல்ல விதி! ஆனால் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்த வாரியங்களில் இடம். கணக்கைத் திரும்பப் படிக்கச் சொன்ன நம் ஊர்ப் பாட்டி அங்கே வாய் திறந்திருக்க முடியாது.

2025 ஜனவரியில் எங்கள் பதவிக்காலமும் முடிந்து, மறுபடி தனி அலுவலர் வந்தார். சரி, கிராம சபையாவது நடக்கிறது. மே 1 அன்று லீவு போட்டு வா. அந்தப் பாட்டிக்கு இப்போது காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கை மெதுவாகப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா