ஜிப்ஸியில் எது சிறந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப் வகை வண்டியான மாருதி ஜிப்ஸியில் எந்தத் தலைமுறை சிறந்தது என்ற விவாதம் ரசிகர்களிடையே ஓயவில்லை. 1985-ல் வந்த 970 சிசி வண்டிக்கு நான்கே கியர். நெடுஞ்சாலையில் திணறும், ஆனால் லோ கியரில் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) பாறைமேல் ஆமைபோல் ஏறும். அதற்குப் பின்னால் வந்தது 1.3 லிட்டர் 'கிங்'.

என் ஓட்டு 2000-ல் வந்த 16 வால்வ் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன்) கிங்குக்கே. 80 குதிரைத்திறன் மட்டும் காரணமல்ல. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கொண்ட முந்தைய வண்டி சரிவில் சாய்ந்தால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் இருமும். லடாக் உயரத்தில் காற்று குறைந்து கரும்புகை தள்ளும். இன்ஜெக்ஷனில் இந்த இரண்டும் இல்லை. ஆனால் கார்புரேட்டரை ஸ்க்ரூ டிரைவரோடு எந்த மெக்கானிக்கும் சரிசெய்வார் என்ற வசதி பழைய வண்டிக்கு உண்டு என்பது உண்மைதான்.

எந்தத் தலைமுறையை வாங்கினாலும் முன் அச்சின் கிங்பின் பேரிங்கை (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் மூட்டின் பேரிங்) பாருங்கள். ஓடும்போது ஸ்டியரிங் வெடவெடவென ஆடினால் பலர் உடனே ஸ்டியரிங் அதிர்வைத் தணிக்கும் டேம்பரை மாற்றுகிறார்கள். அது ஆட்டத்தை மறைக்குமே தவிர நோயைத் தீர்க்காது. ஜாக்கியில் தூக்கி, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். பிரேக் மிதித்தபோதும் ஆட்டம் இருந்தால் தேய்ந்தது கிங்பின். நின்றுவிட்டால் வீல் பேரிங். கிங்பின் பேரிங் தேயாமல் வெறுமனே தளர்ந்திருந்தால் ஒரு ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எடுத்தாலே இறுகும். தேய்ந்திருந்தால் மேல் பேரிங்கையும் கீழ் பேரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஆற்றைக் கடந்த பிறகு டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி) ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆயிலை மாற்றுவதோடு அச்சின் பிரீதரில் (உள்ளே காற்று போய்வரும் துவாரம்) அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்