"வானிலை காரணமாகப் பணம் திரும்பத் தரப்படாது": பனிக்கால ட்ரெக்கிங் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னையிலிருந்து மூன்று பனிக்காலம் உங்களில் சிலரோடு உத்தரகாண்ட் வந்தவன் நான். நடுங்கும் விடியலில் உங்கள் சமையல்காரர் டென்ட் வாசலுக்கே கொண்டுவந்து தந்த இஞ்சி டீயை மறக்கவில்லை. அதனால் நீங்கள் அச்சடித்திருக்கும் மேற்கண்ட வரியையும் பனிச்சரிவு ஆபத்தையும் பற்றிய இந்த மடலைச் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குவாரி பாஸ் என்ற மலைக்கணவாய்க்குப் போனபோது இரண்டு நாள் பனி கொட்டித் தீர்த்து, மூன்றாம் நாள் பளிச்சென்று விடிந்தது. எல்லோருக்கும் ஒரே குஷி. வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று காலுக்கடியில் 'தும்' என்று ஒரு சத்தம், மாவு மூட்டையைப் பரணிலிருந்து தள்ளிவிட்டது போல. நின்ற பனி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. முன்னால் போனவரின் பூட்ஸ் நுனியிலிருந்து மெல்லிய விரிசல் ஒன்று மேல்பக்கமாக ஓடியது. கைடிடம் கேட்டேன். "ஒன்றும் ஆகாது சார், தினமும் போகிற வழிதான்" என்றார். ஒன்றும் ஆகவில்லைதான்.

அந்தச் சத்தம் என்னவென்று ஊருக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. அடியில் பழைய பனி சீனி மாதிரி உதிரியாகக் கிடக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் புதுப்பனியைக் காற்று பலகை போல இறுக்கிவிடும். ஆள் ஏறி மிதித்ததும் உதிரி அடுக்கு நொறுங்கினால், சாய்வு 30 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது பலகை மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதுதான் பனிச்சரிவு. நாங்கள் நின்ற இடம் ஏறக்குறைய சமதரை. ஆனால் தலைக்கு மேலிருந்த சாய்வு? கீழே மிதித்தது மேலே போய் இழுத்துவிடுவதும் உண்டாம். ஆளை மூடும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை, மாட்டிக்கொண்டவரோ கூட வந்தவரோ கிளப்பிவிட்டவைதான்.

இதற்கென்றே பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் டிஜிஆர்இ என்ற நிறுவனம் மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் பக்கத்தில் மாணா கிராமத்தருகே சாலைப்பணி முகாமைப் பனிச்சரிவு மூடியது. 54 தொழிலாளர்களில் 8 பேர் இறந்தார்கள். சமோலி மாவட்டத்துக்கு முந்தின நாளே எச்சரிக்கை வந்திருந்தது. குவாரி பாஸும் அதே சமோலிதான். அந்தத் தொழிலாளர்கள் பிழைப்புக்காக அங்கே இருந்தவர்கள். நாங்கள் ஆபீஸில் லீவு போட்டுவிட்டு வருகிறவர்கள். எங்கள் பயணத்தில் அந்த எச்சரிக்கையை ஒருவரும் வாசித்துக் காட்டியதில்லை.

"எங்கள் ஆட்கள் அனுபவசாலிகள்" என்பீர்கள். சரி. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், மலையேற்றப் பயிற்சிக் குழுவில் 29 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அதில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே வருடம் எவரெஸ்டையும் மகாலு சிகரத்தையும் 16 நாளுக்குள் ஏறியவர்.

உங்கள் கைடை நான் குறை சொல்லமாட்டேன். அன்று ராத்திரி அவரே சொன்னார்: திரும்பிவிட்டால் வந்தவர்கள் கத்துவார்கள், ஸ்டார் குறையும், அடுத்த குழு கிடைக்காது. கத்துகிறவர்கள் நாங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பணம் திரும்பத் தரப்படாது" என்று நீங்கள் அச்சடித்திருக்கும் அந்த ஒரு வரிதான் எங்களைக் கத்த வைக்கிறது, அவரை நடக்க வைக்கிறது. எச்சரிக்கை இருக்கிற நாளில் பாதிப் பணமாவது திருப்பித் தாருங்கள், அல்லது அந்தச் சாய்வுகளைத் தவிர்த்துக் காட்டுக்குள்ளேயே சுற்றுகிற மாற்றுவழிக்குக் கூட்டிப்போங்கள். கைடு தயங்காமல் திரும்புவார்.

அப்புறம், சாமான் பட்டியல். வழுக்காமல் பூட்ஸில் மாட்டும் கிரிப், பனி புகாமல் காலில் கட்டும் கெய்ட்டர், கறுப்புக் கண்ணாடி எல்லாம் கேட்கிறீர்கள். புதைந்தவரைத் தேடும் டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மட்டும் உங்களிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. கால் மணிக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அரை மணி தாண்டினால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. கீழேயிருந்து மீட்புக்குழு அதற்குள் வந்துசேராது. அங்கேயே நிற்கிறவர்கள்தான் தோண்ட வேண்டும், அதுவும் வெறுங்கையால்.

வரும் ஜனவரிக்கு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். காலை டீயோடு அன்றைய எச்சரிக்கையை வாசித்துக் காட்டுகிற குழு உங்களில் எதுவோ, சொல்லுங்கள். முன்பணம் அன்றே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்