ஐப்பசி பிறக்க முதல் நாலு டயரையும் மாற்று

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கால் வலி குறைந்திருக்கிறது, மருந்தை ஒழுங்காக எடுக்கிறார். நீ ஜேர்மனியிலிருந்து போனில் சொன்ன ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கையில் இருக்கும்.

"ஸ்டுட்கார்டில் இப்போதெல்லாம் ஸ்னோ பெரிதாகக் கொட்டுவதில்லை, ரோட்டு காய்ந்துதான் கிடக்கும், காரோடு வந்த டயரே இந்த விண்டருக்கும் போதும்" என்று சொன்னாய். போதாது மகள். நீ வாங்கியிருக்கிற மஸ்டா எம்எக்ஸ்-5 பாரம் குறைந்த கார், பின் சில்லு தள்ளி ஓடுகிற கார். அதில் பூட்டியிருப்பது கோடைக்கென்றே செய்த ஸ்போர்ட்ஸ் டயர். ஸ்னோ விழுமா விழாதா என்று நீ வானத்தைப் பார்க்கிறாய். நீ பார்க்க வேண்டியது எத்தனை பாகை குளிர் என்பதை.

களுவாஞ்சிக்குடியில் டயர்க் கடை நடத்தி ரப்பரோடே காலம் போக்கியவன் நான். பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் அடங்கும் என்று கண்டுபிடித்தார். நம் கடையில் சூட்டு ஒட்டுப் போடும்போது நடப்பதும் அதே வேலைதான். அடங்கும் என்றுதான் சொல்கிறேன், அடியோடு போகாது. ஒவ்வொரு கலவைக்கும் அது நன்றாக வேலை செய்கிற சூடு ஒன்று உண்டு.

ரோட்டு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் சின்னச் சின்ன மேடு பள்ளம் நிறைய இருக்கிறது. ரப்பர் நசிந்து அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கினால்தான் பிடிப்பு. கோடை ஸ்போர்ட்ஸ் டயரின் கலவையைச் சூடான ரோட்டில் நன்றாக நசிந்து பிடிக்கும்படி செய்கிறார்கள். அதே கலவை 7 பாகை, அதற்குக் கீழே என்று வரும்போது இறுகத் தொடங்குகிறது. 7 என்பது கோடு கிழித்த கணக்கு அல்ல, 8இல் நன்றாக இருந்து 6இல் கெட்டுப்போகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விடும். சுழியத்துக்குக் கிட்டப் போனால், காய்ந்த ரோட்டிலேயே, ஒரு துளி ஈரமும் இல்லாமல், அந்த டயர் சரியாகப் பிடிக்காது. பிரேக் போட்டால் நீ நினைத்த இடத்தில் கார் நிற்காது.

நம் ஊரில் மார்கழி விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஸ்கூட்டர் பழகும்போது மழை பெய்தால் மெதுவாகப் போ என்று உனக்குச் சொல்லித் தந்தேன். வெயில் அடித்தால் பயமில்லை என்பதை நீயாகவே படித்துக்கொண்டாய். இங்கே அது சரி. அங்கே தை மாதத்தில் வெயிலும் பளிச்சென்று அடிக்கும், குளிரும் 2 பாகையில் நிற்கும். அந்தக் காலைகளை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

நீ இருப்பது மேட்டில், வேலைக்கு இறங்குவது பள்ளத்துக்கு. இரவு முழுக்க வெளியே நின்ற கார். முதல் வளைவில் கொஞ்சம் கூடுதலாகக் காலை வைத்தால் பின்பக்கம் தனியாகப் போகப் பார்க்கும். காரில் அதைத் தடுக்கிற எலக்ட்ரோனிக் வேலைகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் டயர் எவ்வளவு பிடிப்புத் தருகிறதோ அதைத்தான் அவை பங்கிட்டுக் கொடுக்கும். இல்லாத பிடிப்பை உண்டாக்க முடியாது. ஓட ஓட டயர் சூடாகிவிடும் என்று உன் நண்பன் சொன்னதையும் நம்பாதே. ஊருக்குள் ஓடுகிற ஓட்டத்தில் வருகிற சூட்டைக் குளிர்ந்த ரோட்டு உடனே இழுத்துவிடும், சிக்னலில் நின்றால் மிச்சமும் போய்விடும்.

பாலங்களில் இன்னும் கவனம். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் ஏறியதும் வாவிக் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். மண்ணில் கிடக்கிற ரோட்டுக்குக் கீழிருந்து கொஞ்சம் சூடு கிடைக்கும், பாலத்துக்கு மேலும் கீழும் காற்று. அதனால் மற்ற ரோட்டு சும்மா ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். அந்தப் பனிப்பாளம் கண்ணுக்கும் தெரியாது.

சட்டத்தைச் சொல்லித் தப்பப் பார்க்காதே. ஜேர்மனியில் பனி, உறைபனி, வழுக்கல் இருக்கும்போது விண்டர் டயர், அதாவது குளிருக்கென்றே செய்த டயர், இல்லாமல் ஓடினால்தான் குற்றம், 60 யூரோ தண்டமும் ஒரு குற்றப் புள்ளியும் என்பது எனக்கும் தெரியும். காய்ந்த குளிர் ரோட்டுக்கு அந்தச் சட்டம் எதுவும் சொல்லாது. சொல்லாததால் ஆபத்து இல்லை என்றாகாது. அங்கேயே ஹம் நகரில் இருக்கிற சித்தப்பாவைக் கேள், ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை விண்டர் டயர் என்பதுதான் அந்த நாட்டுச் சனங்களின் வழக்கம் என்று அவரே சொல்வார்.

வாங்கும்போது பக்கச் சுவரில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் இருக்கிறதா என்று பார். சேறும் பனியும் என்று பொருள்படுகிற எம் பிளஸ் எஸ் (M+S) எழுத்து மட்டும் இருந்தால் 2024 ஒக்டோபரிலிருந்து அங்கே விண்டர் டயராகச் செல்லாது. நாலும் மாற்ற வேண்டும். காசை மிச்சம் பிடிக்க இரண்டு மட்டும் மாற்றுவது எல்லாவற்றையும்விட மோசம், ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். வெட்டு ஆழம் 1.6 மில்லிமீற்றர் இருந்தால் சட்டத்துக்குப் போதும். பனிக்கு 4க்குக் குறைந்தால் நம்பாதே. தனி ரிம்மோடு வாங்கினால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றிப் பூட்டுகிற வேலை இல்லை. உன் காருக்கு எந்த அளவு பொருந்தும் என்று கடையில் கேட்டு வாங்கு. பூட்டி 50 கிலோமீற்றர் அளவில் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கச் சொல்.

காற்று அமுக்கத்தையும் மறக்காதே. 10 பாகை குளிர் கூடினால் ஏறக்குறைய 0.1 பார் குறையும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவைப் பார்த்து, கார் ஓட முதல் அடி.

கழற்றிய டயரை வெளியே போடாதே. சுழியத்துக்குக் கீழே 7 பாகை அளவுக்கு இறங்கினால் இந்தக் கோடைக் கலவையில் வெடிப்பு விழலாம். அந்தக் குளிரில் காரைக் கொஞ்சம் நகர்த்தினாலே வெடிப்பு விடலாம் என்று டயர்க் கம்பனிகளே எச்சரித்திருக்கின்றன. மாற்ற முதல் அப்படிக் குளிர் வந்துவிட்டால் காரை அசைக்காதே, ரயிலில் போ. டயரை வைத்திருக்க வீட்டில் இடமில்லை என்றால் அங்கே டயர்க் கடைக்காரர்களே வாங்கி வைத்திருந்து வசந்தத்தில் பூட்டித் தருவார்கள். அதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

மாரிக்கு முதல் கூரை ஓடு மாற்ற என்று நீ அனுப்ப இருக்கிற காசை இந்த முறை அனுப்ப வேண்டாம். அம்மாவிடமும் பேசிவிட்டேன், அவருக்கும் சம்மதம். ஒழுகுகிற இடத்துக்குத் தகரம் போட்டுக்கொள்ளலாம், இந்த மழை போய்விடும். அந்தக் காசில் டயர் வாங்கு. பூட்டியதும் நாலு சில்லையும் போட்டோ எடுத்து அனுப்பு. மலைக் குறியும், பக்கச் சுவரில் இருக்கிற நாலு இலக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், மற்ற இரண்டும் வருடம். பழைய டயரை உன் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா