கிரிகுவாக் கல்லைப் படிக்கப் போகும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

குவாத்தமாலாவில் வேலை முடிந்த கையோடு கிரிகுவாவுக்கும், எல்லை தாண்டி ஹொண்டுராஸில் இருக்கும் கோபானுக்கும் போகப்போவதாக எழுதியிருந்தாய்; இரண்டும் பழைய மாயா நகரங்களின் இடிபாடுகள். மாயா எழுத்தைப் பார்த்தால் உனக்கு ஏதாவது புரியுமா என்றும் கேட்டிருந்தாய். புரியும். எல்லாக் கல்லையும் சுற்றிப் பார்க்க வேண்டாம், கிரிகுவாவில் ‘ஈ’ என்று பெயரிட்டிருக்கும் தூணில் மட்டும் அரை நாள் செலவழி. மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்தால் 10.6 மீட்டர் உயரம், ஒரே மணற்கல், நிறுத்திய ஆண்டு 771. முன்னும் பின்னும் அரசன் உருவம், இரண்டு பக்கவாட்டிலும் எழுத்து. நீ மேற்குப் பக்கம் போய் நில்.

எழுத்துகள் சதுரக் கட்டங்களாக இருக்கும். நாம் படிப்பதுபோல ஒரு வரியை முழுக்கப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகாதே. இரண்டிரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள். இடப்பத்தி ஏ, வலப்பத்தி பி என்றால், ஏ1, பி1, பிறகு கீழே இறங்கி ஏ2, பி2, இப்படி அடிவரை. ஒரு கட்டத்துக்குள் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது அரசனின் பட்டத்தில்தான் வரும்; பின்னால் சொல்கிறேன்.

முதலில் வரும் பெரிய கட்டம் தேதி தொடங்குகிறது என்பதற்கான அறிவிப்பு. அதன் கீழே ஐந்து எண்கள் வரும். புள்ளி என்றால் 1, கோடு என்றால் 5, பூஜ்யத்துக்குத் தனிக் குறி. எண்களின் மதிப்பு முறையே பக்தூன் 1,44,000 நாள், கத்தூன் 7,200, தூன் 360, வினால் 20, கின் 1. அவற்றை அடுத்து இரண்டு சுழற்சி நாள்காட்டிகளின் தேதி வரும்: 260 நாள் சுழற்சியில் ஒன்று (1 முதல் 13 வரை ஓர் எண், கூடவே ஒரு நாள் பெயர்), 365 நாள் சுழற்சியில் ஒன்று (20 நாள் மாதத்தில் எத்தனையாவது நாள், கூடவே மாதப் பெயர்). இந்த இரண்டும்தான் உனக்குச் சோதனைத் தாள்.

இந்தக் கல்லில் செதுக்கியிருப்பது 9.14.12.4.17, நாள் 12 கபன் 5 கயாப். கணக்குப் போட்டுப் பார்: 12,96,000 + 1,00,800 + 4,320 + 80 + 17 = 14,01,217. எண்ணிக்கை 4 அஹாவ் 8 கும்கு என்ற நாளில் தொடங்குகிறது. 14,01,217-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 12. தொடக்க எண் 4-ஐக் கூட்டினால் 16, அதிலிருந்து 13 போக 3. அடுத்து, 8 கும்கு என்பது ஆண்டின் 348-ஆவது இடம். அதைக் கூட்டி 365-ஆல் வகுத்தால் மீதி 330, அதாவது 16 மாதம் போக 10. ஆக வரவேண்டியது 3 கபன் 10 கயாப். கல்லில் இருப்பதோ 12 கபன் 5 கயாப்!

தவறு உன்னுடையது இல்லை, செதுக்கியவருடையது. தூன் எண் 13 என்று வைத்துக்கொண்டு மறுபடி போடு: 14,01,577, இப்போது 12 கபன் 5 கயாப் சரியாக விழும். இதே தேதி அங்கேயே ‘எஃப்’ தூணில் 13 என்று சரியாக இருக்கிறது. 12 எழுதும்போது இரண்டு கோட்டின் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் வெறுமையாகத் தெரியாமல் இருக்கப் பிறை போன்ற ஓர் அலங்காரம் வைப்பது அவர்கள் வழக்கம். நடுவில் இருப்பது புள்ளியானால் 13, பிறையானால் 12. கல் தேய்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண்ணை மட்டும் நம்பிப் படிக்கிறவர்கள் இங்கேதான் ஓர் ஆண்டு சறுக்குகிறார்கள். அதனால் எந்தத் தேதியையும் இரண்டு சுழற்சியோடும் ஒத்துப் பார்க்காமல் ஏற்காதே.

அது 724 முடிந்து 725 பிறக்கும் வேளை. நம் நாள்காட்டிக்கு மாற்றும்போது இந்த நாள் எண்ணிக்கையோடு சிலர் 5,84,283 கூட்டுகிறார்கள், சிலர் 5,84,285. புத்தகத்துக்குப் புத்தகம் இரண்டு நாள் முன்பின் இருந்தால் காரணம் அதுதான், கலங்காதே.

தேதி முடிந்ததும் தேடவேண்டியது வினைச்சொல். மாயா மொழியில் வினை முன்னால் வரும், ஆள் பின்னால். இங்கே இருக்கும் வினை ‘ச்சாம்’, பெற்றுக்கொண்டான். பெற்றது கவீல் என்ற தெய்வத்தின் உருவம், ஒரு கால் பாம்பாக இருக்குமே, அது. கவீலைக் கையில் வாங்குவது அரியணை ஏறுவதற்கு ஒரு சொல். ‘உட்கார்ந்தான்’, ‘வெள்ளைத் தலைப்பட்டை கட்டப்பட்டது’ என்றும் மற்ற ஊர்களில் எழுதுவார்கள். வாங்கியவன் கிரிகுவாவின் அரசன் காஹ்க் திலிவ் சான் யோபாத்.

அவன் பெயரோடு நின்றுவிடாதே. அடுத்து வரும் ‘உகப்ஹீய்’ என்ற சொல்தான் மொத்தக் கல்லுக்கும் உயிர். ‘இன்னார் ஏற்பாட்டில் நடந்தது’ என்று பொருள். அதற்குள் ‘கப்’, அதாவது மண், என்ற குறி இருக்கும், உள்ளே சுருண்ட வளைவோடு. நீ சற்று முன் படித்த கபன் நாளின் குறியும் அதேதான். நாளாக வரும்போது மூன்று சிறு கால் வைத்த சட்டத்துக்குள் இருக்கும், அதை வைத்துப் பிரித்துக்கொள். அதற்குப் பின் வரும் பெயர் வஷாக்லஹூன் உபாஹ் கவீல், கோபானின் அரசன்.

இப்போது அந்த விலக்கு. அவன் பட்டத்தில் இடப்பக்கம் ‘குஹுல்’, புனிதமான. நடுவில் ஊர்க்குறி, கோபானுக்கு வௌவால் தலை. மேலே ‘அஹாவ்’, அரசன். மேலே இருப்பதால் அதை முன்னால் படித்துவிடாதே, அது கடைசி. புனித, கோபான், அரசன். மரியாதைக்காகத் தூக்கி மேலே வைத்திருக்கிறார்கள். இப்படி ஊருக்கு ஊர் நடுக்குறி மட்டும் மாறும் என்று 1958-இல் ஹைன்ரிக் பெர்லின் கண்டுபிடித்தார். 1960-இல் தத்தியானா புரோஸ்கூரியாகோஃப், பியெட்ராஸ் நெக்ராஸ் என்ற இன்னொரு மாயா ஊர்க் கற்களின் தேதிகள் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடங்குவதைக் காட்டினார். அதுவரை இவை வெறும் வானியல் கணக்கு, பூசாரிகளின் சமாசாரம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். பிறந்தான், அரியணை ஏறினான் என்று அந்தக் கற்கள் மனிதர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன.

ஒலி எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். 1952-இல் யூரி குனோரோசோவ் இது அசை எழுத்தும் கலந்தது என்று காட்டினார். கேடயத்துக்குக் கேடயத்தையே வரைந்து ‘பக்கல்’ என்று படிக்கலாம், அல்லது ப, க, ல என்று மூன்று குறி வைக்கலாம். கடைசி ‘ல’வின் உயிர் ஒலிக்காது, ‘ல்’ என்றே படிக்க வேண்டும். நம் ஓலைகளில் புள்ளி வைக்காமல் எழுதியதை இடம் பார்த்துப் படிப்பார்களே, அதே பழக்கம்தான். இரண்டையும் கலந்து, கேடயப் படத்துக்குக் கீழே ஒரு ‘ல’ வைத்துப் படிப்பவருக்குக் கைகொடுப்பதும் உண்டு.

மீண்டும் கல்லுக்கு வருவோம். கீழே போகப் போக இன்னொரு நாள் வரும்: 6 கிமி 4 செக். அந்த ஐந்து எண் முறையில் 9.15.6.14.6. அரியணை ஏறிய நாளுக்கும் இதற்கும் 4,869 நாள், அதாவது 13 தூன், 9 வினால், 9 கின். இடைவெளியைக் கல்லில் எழுதும்போது சிறிய அலகிலிருந்து தொடங்குவார்கள், 9, 9, 13 என்று. தலைகீழாகப் படித்து மாட்டிக்கொள்ளாதே. ஆண்டு 738. வினை ‘ச்சக்’, கோடரியால் வெட்டுதல். வெட்டப்பட்டது தலை. யாருடையது? காஹ்க் திலிவை அரியணையில் ஏற்றிய அதே வஷாக்லஹூன் உபாஹ் கவீலுடையது.

என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான், கண்ணா. வெட்டி 33 ஆண்டு கழித்துத்தான் காஹ்க் திலிவ் இந்தத் தூணை நிறுத்துகிறான். ‘உகப்ஹீய்’யை விட்டுவிட்டிருக்கலாம், கேட்க ஆளில்லை. விடவில்லை. கவீலை அவன் கையில் கொடுக்கும் தகுதி உள்ள ஒருவன் கொடுத்ததால்தான் அவன் ஏறியது செல்லும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கொன்றவனின் பட்டமே கொல்லப்பட்டவனின் பெயரில்தான் நிற்கிறது.

இதைப் படித்த பிறகுதான் கோபானுக்குப் போக வேண்டும். நேர்த்தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்கே எழுத்துப் படிக்கட்டில் 2,000-க்கும் மேற்பட்ட கட்டங்கள். அதே அரசனின் சாவை அவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வெட்டு என்ற வினை கிடையாது. மூச்சு அடங்கியது, ‘தோக், பக்கல்’ என்கிறார்கள்: தீக்கல்லோடு, கேடயத்தோடு. போர்க்களத்தில் ஆயுதத்தோடு விழுந்தான் என்பது அவர்கள் கட்சி. 695 முதல் 43 ஆண்டு ஆண்டவனைப் பிடித்துத் தலையை எடுத்தார்கள் என்று தங்கள் கல்லில் எந்த ஊர் எழுதும்? ஒரு மாயா அரசனைப் பற்றி அவன் ஊர்க் கல்லை மட்டும் வைத்து யாராவது உறுதியாகச் சொன்னால், பகைவனின் கல் என்ன சொல்கிறது என்று கேள்.

படிக்கட்டைக் கீழிருந்து மேலே வரிசையாகப் படிக்க முயலாதே. மேற்படிகள் சரிந்து விழுந்து, 1930-களில் எழுத்தின் வரிசை தெரியாமலே திரும்ப அடுக்கப்பட்டவை. அடிப்பகுதியை மட்டும் நம்பலாம்.

படம் எடுக்க நேர் வெளிச்சம் உதவாது, ஃபிளாஷ் எழுத்தைத் தட்டையாக்கிவிடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெயில் விழும்போது எடு. ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று கோணத்தில் எடுத்தால் புள்ளி எது, அலங்காரம் எது என்று நிழல் காட்டிக்கொடுக்கும். தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்கிறவர்களைப் பார்த்திருப்பாய். கல்லைத் தொடவே தொடாதே.

‘ஈ’ தூணின் மேற்குப் பக்கத்தில் அந்தத் தூன் எண் இருக்கும் கட்டத்தைத் தனியாக எடுத்து அனுப்பு. இரண்டு புள்ளிக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று நீயே பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா